'குவிட்' என்றால் எவ்வளவு? பிரிட்டனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்த இரண்டாவது வாரம், பழைய சாப்பாட்டு மேசை ஒன்று வாங்கப் போனேன். விற்றவர் வாசலில் நின்றபடி ஏதோ ஒரு தொகை சொன்னார். என் காதில் விழுந்தது 'ஃபிஃப்டீன் குவிட்'. குவிட் என்றால் பவுண்டு என்று அதற்குள் தெரிந்து வைத்திருந்ததால் பெருமையாகப் பதினைந்து பவுண்டை எடுத்து நீட்டினேன். அவர் கேட்டது ஐம்பது. மழையில் ஏடிஎம் தேடிப் போய் மீதியை எடுத்து வருவதற்குள் மேசை வேறொருவர் வண்டியில் ஏறிவிட்டது.

அன்று போனது மேசை மட்டும்தான். அடுத்த மாதம் அறை வாடகை பேசியபோது இதே சொல் இருந்த ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு, மாதத்துக்கு ஐம்பது பவுண்டு கணக்கில் பிசகினேன். ஒரு குவிட் என்பது ஒரு பவுண்டு. அதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். அந்தச் சொல்லைச் சுற்றி நிற்கிற மற்ற சொற்கள்தான் கையைக் கடிக்கின்றன. அவற்றை எனக்கு இடித்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் நாக்கைச் சரி செய்யுங்கள்

தமிழில் 'குவிட்' என்று எழுதுகிறேன், ஆனால் இந்த எழுத்துக்கூட்டலை நம்பி உச்சரிக்காதீர்கள். முதலில் வருவது தனி 'கு' அல்ல. க், வி இரண்டும் ஒட்டி ஒரே மூச்சில் வர வேண்டும். அதைவிட முக்கியம் கடைசி எழுத்து. 'வண்டி' என்று சொல்லும்போது வரும் ட இருக்கிறதே, அதுபோல அது அதிர வேண்டும். 'பட்டம்' என்பதில் வரும் ட் போல அழுத்திச் சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும்: விலகு, விட்டுவிடு என்று பொருள். 'டென் குவிட்' என்று நான் சொன்னதைக் கேட்டு, வேலையை விட்டுவிட்டேனா என்று ஒருவர் விசாரித்திருக்கிறார்.

கடைசியில் ஓர் 'உ' சேர்த்து 'குவிட்டு' என்று முடிப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அதை விட்டுவிடுங்கள். 'வி'யை ஒரு இழை நீட்டினால் கடைசி எழுத்து தானாக மென்மையாகும்.

காதுக்கு ஒரு பயிற்சி. 'சிக்ஸ் குவிட்' என்பதை வேகமாகச் சொன்னால் 'சிக் ஸ்குவிட்' என்று கேட்கும். அதாவது உடம்பு சரியில்லாத கணவாய் மீன். இங்குள்ளவர்கள் சின்ன வயதிலிருந்து சொல்லிச் சலித்த நகைச்சுவை இது. யாராவது உங்களிடம் சொன்னால் சிரித்து வையுங்கள்.

2. பன்மை கிடையாது

ஒரு குவிட், ஐந்து குவிட், ஐந்நூறு குவிட். கடைசியில் 'ஸ்' சேராது. தமிழர்களுக்கு இது கஷ்டமே இல்லை. நாமும் 'நூறு ரூபாய்' என்றுதானே சொல்கிறோம், 'நூறு ரூபாய்கள்' என்று கடையில் யார் கேட்கிறார்கள்? ரூபாயைப் போலவே குவிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'குவிட்ஸ்' என்று கேட்கிற இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 'குவிட்ஸ் இன்' என்றால் லாபத்தில் இருக்கிறோம், கணக்கு நமக்குச் சாதகம் என்று பொருள். 'இந்தப் பழைய சைக்கிளை முப்பதுக்கு விற்றால் நான் குவிட்ஸ் இன்' என்பார்கள்.

'எத்தனை குவிட்?' என்று நேராக மொழிபெயர்த்துக் கேட்கக் கூடாது. தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள், ஆனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேட்கும்போது 'ஹவ் மச்', பதிலில்தான் குவிட்.

ஒரு சின்ன விஷயம். ஊருக்குத் தொலைபேசும்போது 'மூன்று பவுண்டு கொடுத்து வாங்கினேன்' என்று நான் சொல்ல, அம்மா அதைத் தங்கப் பவுன் என்று எடுத்துக்கொண்டு பதறிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குவிட்தான் நடப்பு நாணயம்.

3. சில்லறை சேர்ந்தால் குவிட் போய்விடும்

முழுத் தொகைக்குத்தான் குவிட் பொருந்தும். இரண்டு பவுண்டு ஐம்பது பென்ஸை 'டூ குவிட் ஃபிஃப்டி' என்று சொன்னால் ஒட்டாது. 'டூ பவுண்ட் ஃபிஃப்டி' அல்லது வெறும் 'டூ ஃபிஃப்டி'. பென்ஸ் மட்டும் என்றால் 'பீ': ஐம்பது பென்ஸ் 'ஃபிஃப்டி பீ'. அரை குவிட் என்று சொல்வது அரிது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஒன் ஃபிஃப்டி' என்று மட்டும் சொன்னால் தேநீர்க் கடையில் அது ஒன்றரை பவுண்டு. வீட்டு வாடகையில் அதுவே நூற்றைம்பது. பழைய சாமான் சந்தையில் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் நீங்களே குவிட்டைச் சேர்த்துத் திருப்பிக் கேளுங்கள்: 'எ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி குவிட்?' குவிட் வந்தாலே முழுப் பவுண்டு என்பது உறுதி.

4. பதினைந்தா, ஐம்பதா

என் மேசை போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் சொல்லிக் கொடுப்பது என்னவென்றால், 'ஃபிஃப்டீன்' என்பதில் அழுத்தம் பின்பாதியில் விழும், 'ஃபிஃப்டி' என்பதில் முன்பாதியில் விழும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்று. தனியாகச் சொல்லும்போது அது சரி. ஆனால் பின்னால் குவிட் போன்ற ஒரு சொல் ஒட்டி வந்தால் 'ஃபிஃப்டீன்' என்பதன் அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும். 'ஃபிஃப்டீன் குவிட்', 'ஃபிஃப்டி குவிட்' இரண்டும் ஒரே தாளத்தில் வரும். நீங்கள் நம்பியிருந்த அடையாளம் பணம் பேசும் நேரத்தில்தான் காணாமல் போகும். 13–30, 14–40, 19–90 எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது எளிது. 'ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஓ?' என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். உள்ளூர்க்காரர்களே இப்படிக் கேட்டுக்கொள்வார்கள், வெட்கப்பட எதுவும் இல்லை. முடிந்தால் போவதற்கு முன்பே விலையை எண்ணில் குறுஞ்செய்தியாக வாங்கிவிடுங்கள்.

அந்தக் குறுஞ்செய்தியிலேயே நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். 'ஹாஃப் ஃபைவ்' என்று இங்கே சொன்னால் ஐந்தரை மணி. நாம் 'ஐந்து, அரை' என்பதை அவர்கள் 'அரை, ஐந்து' என்று திருப்பிப் போடுகிறார்கள், அவ்வளவுதான். நாலரை என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குளிரில் நின்ற அனுபவமும் எனக்கு உண்டு.

5. பேரம் பேசும்போது வரும் வால்கள்

'எ குவிட் ஈச்', 'எ குவிட் எ பாப்' இரண்டும் ஒன்றே: ஒன்றுக்கு ஒரு பவுண்டு. 'எ ஹெட்' என்றால் ஆளுக்கு. 'டென் குவிட் எ ஹெட்' என்று உணவகத்தில் சொன்னால் நான்கு பேருக்கு நாற்பது.

'கால் இட் ட்வென்டி' என்பதற்கும் தொலைபேசிக்கும் சம்பந்தமில்லை. 'சரி, இருபது என்று வைத்துக்கொள்வோம்' என்று பேரத்தை முடிக்கிற வாக்கியம் அது. அதற்குப் பிறகு மறுபடி குறைத்துக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

'லெண்ட் அஸ் எ டென்னர்' என்று உடன் வேலை செய்பவர் கேட்டால், 'அஸ்' என்பதால் எங்களுக்கு என்று நினைத்து எத்தனை பேர் என்று தேட வேண்டாம். பேச்சு வழக்கில் அது 'எனக்கு' என்றே பொருள்படும். பத்து பவுண்டு கடன் கேட்கிறார். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

6. 'எ ஃப்யூ குவிட்' என்ற புதைகுழி

'எ கப்புள் ஆஃப் குவிட்' என்றால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு, மூன்று வரை போகலாம். அதில் பெரிய ஆபத்தில்லை.

'எ ஃப்யூ குவிட்' அப்படியல்ல. அகராதிப்படி சில பவுண்டு. ஆனால் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெரிய தொகையைச் சின்னதாகச் சொல்வதில் ஒரு சுகம். 'அந்த வண்டி எ ஃப்யூ குவிட் ஆகியிருக்கும்' என்றால் விலை எக்கச்சக்கம் என்று அர்த்தம். 'அவரிடம் எ ஃப்யூ குவிட் இருக்கிறது' என்றால் ஆள் பணக்காரர். 'காசு கொஞ்சம் இருக்கிற ஆள்' என்று நாம் இழுத்துச் சொல்கிறோமே, அதே தொனி.

எனவே குழாய் ரிப்பேருக்கு வந்தவர், 'பொருளுக்கு எ ஃப்யூ குவிட் ஆகும்' என்றால் தலையாட்டாதீர்கள். ஐந்தும் இருக்கலாம், எண்பதும் இருக்கலாம். வேலை தொடங்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, வாட் வரி அதில் சேர்ந்ததா இல்லையா. பிரிட்டனில் பொதுவான வாட் விகிதம் 20 விழுக்காடு. நூறு குவிட் என்று பேசிவிட்டு ரசீதில் 120 வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

7. குவிட்டின் சொந்தக்காரர்கள்

ஃபைவர் ஐந்து பவுண்டு, டென்னர் பத்து. இவை இரண்டும் தொகைக்கும் பொருந்தும், நோட்டுக்கும் பொருந்தும். இருபதுக்கு இப்படி ஒரு பெயர் அன்றாடப் பேச்சில் இல்லை, 'ட்வென்டி' என்றே சொல்வார்கள். 'கிராண்ட்' ஆயிரம். அதற்கும் பன்மை கிடையாது: 'டூ கிராண்ட்'. 'கே' என்றாலும் ஆயிரம்தான், சம்பளப் பேச்சில் அதிகம் கேட்கும்.

ஸ்கோர் இருபது, போனி இருபத்தைந்து, டன் நூறு, மங்கி ஐந்நூறு. லண்டன் பேச்சில் இவையும் உண்டு. கேட்டால் புரிந்தால் போதும். வந்த புதிதில் நாமே 'ஒரு மங்கி' என்று ஆரம்பித்தால் வேடிக்கையாகிவிடும். 'பக்ஸ்' என்பது டாலருக்கு உரிய சொல், அதை இங்கே கொண்டு வராதீர்கள்.

நோட்டு பற்றி ஓர் எச்சரிக்கை. யாராவது பழைய தாள் நோட்டாக 20 அல்லது 50 கொடுத்தால் வாங்காதீர்கள். பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அந்தத் தாள் நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது. இப்போது புழங்குவது பாலிமர் நோட்டு.

8. வாடகை பேசும்போது

செலவு பெரிதாவது இங்கேதான். என்னிடம் சொன்னது 'எ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி குவிட் எ வீக்'. மாதத்துக்கு நாலு வாரம், நாலு நூற்றைம்பது அறுநூறு என்று மனக்கணக்குப் போட்டு வீட்டிலும் சொல்லிவிட்டேன். ஒப்பந்தத்தில் 650 என்று இருந்தது. ஏமாற்றுகிறார் என்று சண்டைக்கே போய்விட்டேன். தப்பு என் மேல்தான்.

வார வாடகையை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். 150 × 52 = 7,800. அதை 12-ஆல் வகுத்தால் 650. மாதக் கணக்கில் 50 பவுண்டு, ஆண்டுக் கணக்கில் 600 பவுண்டு வித்தியாசம். யாராவது வெறும் குவிட் கணக்குச் சொன்னால், முதல் கேள்வி 'வாரத்துக்கா, மாதத்துக்கா?' என்பதாக இருக்கட்டும். இரண்டாவது கேள்வி, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) எல்லாம் அதில் அடக்கமா என்பது.

அடுத்தது முன்பணம். 'அறையைப் பிடித்து வைக்க எ கப்புள் ஆஃப் ஹண்ட்ரட் குவிட் கொடு' என்பார்கள். இங்கிலாந்தில் 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் கட்டணச் சட்டப்படி, பிடித்து வைக்கும் தொகை ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. வாரம் 150 என்றால் 150-தான் உச்சம், இருநூறு கேட்க முடியாது. வேறு நாள் குறித்து எழுதிக்கொள்ளாவிட்டால், அதைக் கொடுத்ததிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம் போட்டு முடிக்க வேண்டும். டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், ஐந்து வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதாவது 750. வழக்கமான குத்தகையில் அந்தப் பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு, அதன் விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து, உங்களை லாட்ஜராக வைத்திருந்தால் இந்த 30 நாள் விதி பொருந்தாது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.

பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் 'டெபாசிட்', 'வாடகை' என்று தனித்தனியாக எழுதி, தனித்தனியாக அனுப்புங்கள். கையில் ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் தேதி, தொகை, எதற்காக என்ற மூன்றும் உள்ள ரசீது வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

9. சம்பளம் பேசும்போது

'தர்ட்டி கே', 'தர்ட்டி கிராண்ட்' என்றால் ஆண்டுச் சம்பளம், அதுவும் வரி பிடிக்கும் முன். மாதத்துக்கு 2,500. இங்கிலாந்தில் 2025-26 கணக்குப்படி வருமான வரியும் தேசியக் காப்பீடும் போனால் சுமார் 2,090 கையில் வரும். ஓய்வூதியப் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். 'டேக் ஹோம்' எவ்வளவு என்று கேட்டால் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள்.

மணிக்கணக்கு வேலையில் 'ட்வெல்வ் குவிட் அன் அவர்' என்று வாய்வார்த்தையாகச் சொல்வது சகஜம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ் ஆனது. சில்லறையை விட்டுப் பேசுகிறாரா, சில்லறையையே கொடுக்காமல் விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். மணிக்கு 21 பென்ஸ் என்பது வாரம் 40 மணிக்கு 8 பவுண்டு 40 பென்ஸ். இந்த விகிதம் ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும், பேசுகிற மாதத்தின் எண்ணை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பள நாளன்றோ அதற்கு முன்போ பேஸ்லிப் பெறுவது உங்கள் உரிமை. மணிக்கணக்கு ஊதியமாக இருந்தால் எத்தனை மணி நேரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். 'கேஷ் இன் ஹாண்ட், டென் குவிட்' என்று ஒருவர் கூப்பிட்டால் அதில் பேஸ்லிப் வராது என்று பெரும்பாலும் பொருள். விசாவில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். பின்னால் வருமானத்துக்குச் சான்று கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

10. தாளில் எழுதும்போது

நண்பருக்கு அனுப்பும் செய்தியில் '20 குவிட்' என்று எழுதலாம். விண்ணப்பப் படிவம், ஒப்பந்தம், இன்வாய்ஸ், புகார்க் கடிதம், விசா தொடர்பான விளக்கம், இவற்றில் எழுதவே கூடாது. அங்கே £ குறியும் எண்ணும் மட்டும். குறி முன்னால், எண் பின்னால், இடையில் இடைவெளி கிடையாது: £20.

எல்லோரும் செய்கிற தவறு '£20 குவிட்'. குறியே பவுண்டைச் சொல்லிவிட்டதால் அது 'இருபது பவுண்டு பவுண்டு' என்றாகிறது. உள்ளூர்க்காரர்களும் இப்படி எழுதுவார்கள். அவர்களுக்கு மன்னிப்பு உண்டு.

வாய்ப்பேச்சில் முடிந்த பேரத்தை அன்றே எழுத்தாக்கிவிடுங்கள். 'இன்று பேசியபடி மாதம் £650, எல்லாக் கட்டணமும் உட்பட' என்று ஒரு வரி அனுப்பி, 'ஆம்' என்று பதில் வாங்கினால் போதும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.

11. நீங்களே எப்போது சொல்லத் தொடங்கலாம்

இது கெட்ட வார்த்தை அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல. வெறும் சகஜப் பேச்சு. சந்தை, டாக்ஸி, பழைய சாமான் வாங்குவது, உடன் வேலை செய்பவர்களோடு செலவைப் பங்கிடுவது, இங்கெல்லாம் முதல் வாரத்திலிருந்தே சொல்லலாம். வேலை நேர்காணலிலும் வங்கியிலும் வழக்கறிஞரிடமும் பவுண்டு என்றே சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் குவிட் என்றாலும் பரவாயில்லை, பவுண்டு என்று பதில் சொன்னதால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்ததில்லை.

டப்ளினிலிருந்து வந்த நண்பர் இருந்தால் மட்டும் கூடுதல் கவனம். அயர்லாந்தில் யூரோவையும் குவிட் என்பார்கள். 'ஐம்பது குவிட் தருகிறேன்' என்று அவர் சொன்னால் எந்த நாட்டு ஐம்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தங்களில் 'குவிட் ப்ரோ குவோ' என்று கண்ணில் பட்டால் அது லத்தீன் தொடர், ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று என்று பொருள், பவுண்டு கணக்கு இல்லை. பல், வாய் நோய் பற்றிய துண்டறிக்கைகளில் 'பீட்டில் குவிட்' என்று வரும். அது நம் வெற்றிலைச் சுருள். பல் மருத்துவர் ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால், பையில் இருக்கிற காசை எண்ணத் தொடங்கிவிடாதீர்கள்.